'டெம்ப்' என்று குறித்து வைத்த ஒரு வரி

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் ஒரு எக்செல் கோப்பு அனுப்பினார். உள்ளே நூற்றுச் சொச்சம் பாதுகாப்புக் கேள்விகள். இந்த மாதிரிக் கோப்புகளை நிரப்பி நிரப்பி எனக்குக் கை பழகிவிட்டது. 'ஆம்', 'ஆம்', 'எங்களுக்குப் பொருந்தாது' என்று தட்டிக்கொண்டே வந்தவன் ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். உங்கள் டேட்டாபேஸை எந்தெந்த ஐபி முகவரிகளிலிருந்து தொட முடியும், பட்டியலை இணைக்கவும் என்றிருந்தது.

பட்டியல் எங்களிடம் இல்லாமல் இல்லை. எங்கள் டேட்டாபேஸ் ஓடும் மேகச் சேவையான மாங்கோடிபி அட்லஸுக்குள் போய் நெட்வொர்க் அக்சஸ் பக்கத்தைத் திறந்தேன். ஒரே ஒரு வரி: 0.0.0.0/0. பக்கத்தில் குறிப்பு எழுதும் கட்டத்தில் 'டெம்ப்', அதாவது தற்காலிகம்.

இரண்டு வருடத்துக்கு முன் அதைப் போட்டவன் நான்தான். அன்றைக்கு டெமோ, கனெக்ஷன் வரவில்லை, வாடிக்கையாளர் லைனில் காத்திருந்தார். 'எங்கிருந்தும் அனுமதி' என்ற பட்டனை அழுத்தினேன், வேலை நடந்தது. அப்புறம் அந்தப் பக்கத்துக்கு நான் போகவே இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அட்லஸில் க்ளஸ்டர் (டேட்டாபேஸ் ஓடும் சர்வர்களின் கூட்டம்) உருவாக்கியதும் அது யாரையும் உள்ளே விடாது. ப்ராஜெக்டுக்கு ஒரு ஐபி பட்டியல் உண்டு, அது காலியாகவே பிறக்கும். அதில் எழுதிய முகவரிகளுக்கு மட்டும் கதவு திறக்கும். ப்ராஜெக்டில் எத்தனை க்ளஸ்டர் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அதே ஒரு பட்டியல்தான். அதனால்தான் டெஸ்ட் க்ளஸ்டரையும் நிஜ க்ளஸ்டரையும் ஒரே ப்ராஜெக்டில் வைக்காதீர்கள் என்று இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். டெஸ்டுக்காக ஒருவர் திறந்த கதவு நிஜத்துக்கும் திறந்துவிடும்.

முகவரிக்குப் பின்னால் வரும் அந்தச் சாய்கோட்டு எண்ணை வீட்டு விலாசம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். /32 என்றால் கதவு எண் வரை சொல்லிவிட்டோம், ஒரே ஒரு முகவரி. /24 என்றால் தெருப் பெயரோடு நிறுத்திவிட்டோம், 256 முகவரிகள். /16 என்றால் 65,536. /0 என்றால் விலாசமே சொல்லவில்லை. ஐபிவி4 முகவரிகள் அத்தனையும், கிட்டத்தட்ட 429 கோடி.

நியாயமாகப் பேசுவோம். 0.0.0.0/0 இருந்ததால் எங்கள் டேட்டா திறந்து கிடந்தது என்று சொல்ல முடியாது. 2017 ஜனவரியில் ஆயிரக்கணக்கான மாங்கோடிபி சர்வர்களைத் துடைத்துவிட்டு, பிட்காயின் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று குறிப்பு வைத்துவிட்டுப் போனார்களே, அவை பெரும்பாலும் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சர்வர்கள். அட்லஸில் பாஸ்வேர்டோ வேறு அடையாளமோ இல்லாமல் நுழைய முடியாது, டிஎல்எஸ் என்ற மறையாக்கமும் கட்டாயம். ஆக, எங்களுக்கு ஒரு பூட்டு இருந்தது. அந்தப் பூட்டின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று அன்று மாலை எண்ணிப் பார்த்தேன். பதினோரு பேர். அதில் நாலு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். ஒருவருடைய பழைய லேப்டாப்பை அவருடைய தங்கை கல்லூரிக்கு எடுத்துப் போகிறாள் என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். அந்த லேப்டாப்பில் பாஸ்வேர்டு எழுதிய எங்கள் என்வ் கோப்பு இன்னும் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றினோம். அது சுலபம். அடுத்தது அந்த ஒரு வரியை எடுப்பது.

அதை எடுக்கும் விதத்தில்தான் நான் சறுக்கினேன். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அமேசானின் மேகச் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை மையத்தில் எங்கள் அப்ளிகேஷன் மூன்று ஈசி2 மெஷின்களில் (வாடகைக் கணினிகளில்) ஓடிக்கொண்டிருந்தது. மூன்றின் பப்ளிக் ஐபியையும் கன்சோலில் பார்த்து, ஒவ்வொன்றையும் /32 போட்டுச் சேர்த்தேன். அலுவலக லைன், என் வீட்டு லைன். ஐந்து வரிகளும் 'ஆக்டிவ்' என்று பச்சையானதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு 0.0.0.0/0 வரியை நீக்கினேன்.

ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரம் கிராஃபைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு எரர் இல்லை. இவ்வளவுதானா என்று தோன்றியது. டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளி காலை 7:40க்கு சப்போர்ட்டில் இருக்கும் தம்பி போன் செய்தான். "அண்ணா, நைட் ரிப்போர்ட் யாருக்குமே போகலைங்க. மூணு கஸ்டமர் கூப்பிட்டுட்டாங்க."

நைட் ரிப்போர்ட் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது தனி மெஷின். மூன்றோடு சேராத நாலாவது. அதில் ஓடும் ப்ராசஸ் தினமும் இரவு 2 மணிக்குத் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். லாகைத் திறந்தேன். டிஎல்எஸ் இன்டர்னல் எரர், எஸ்எஸ்எல் அலர்ட் நம்பர் 80 என்று வரிசையாக நின்றது. இதைப் பார்த்தால் எவருக்கும் என்ன தோன்றும்? சர்டிபிகேட் காலாவதி. நானும் அப்படித்தான் நினைத்தேன். மெஷினின் சர்டிபிகேட் தொகுப்பைப் புதுப்பித்தேன், டேட்டாபேஸோடு பேசும் டிரைவரின் பதிப்பைப் பார்த்தேன், மெஷினின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றுகூடப் பார்த்தேன். இருபது நிமிஷம் போனது. பிறகுதான் உறைத்தது: பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து தட்டினால் அட்லஸ் சில சமயம் 'உனக்கு அனுமதி இல்லை' என்று சொல்லாது. டிஎல்எஸ் கைகுலுக்கலின் நடுவிலேயே கையை உதறிவிடும். டிரைவருக்குத் தெரிவது அந்த 80 மட்டும்தான். வேறு சில டிரைவர்களில் வெறும் டைம்அவுட்டாகத் தெரியும். சர்வரைத் தேடி 30 விநாடி காத்திருந்துவிட்டு விழும். இந்த இரண்டில் எதைப் பார்த்தாலும் முதலில் ஐபி பட்டியலைத் திறந்து பாருங்கள். சர்டிபிகேட் பக்கம் போவது அதற்குப் பிறகு.

சரி, வியாழன் சாயங்காலமே அது ஏன் விழவில்லை? கல்யாண மண்டப வாசலில் ஒருவரை நிறுத்தினால் புதிதாக வருபவர்களைத்தான் அவர் கேட்பார். ஏற்கெனவே பந்தியில் உட்கார்ந்திருப்பவரை எழுப்ப மாட்டார். பட்டியலிலிருந்து ஒரு முகவரியை நீக்கினாலும் அங்கிருந்து முன்பே திறந்திருந்த கனெக்ஷன்கள் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கலாம் என்று அட்லஸ் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. எவ்வளவு நேரம் என்பது கனெக்ஷன் எப்படித் திறந்தது, டிரைவர் எப்படி நடந்துகொள்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது. ரிப்போர்ட் மெஷின் இரவு 2 மணி வரை பழைய கனெக்ஷன்களிலேயே பிழைத்திருந்தது. நான் அரை மணி நேரம் கிராஃபைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

ரிப்போர்ட் மெஷினின் ஐபியைச் சேர்த்துவிட்டு முகம் கழுவப் போனேன். ஒன்பது மணிக்கு அடுத்தது.

காலையில் கூட்டம் ஏறியதும் ஆட்டோ ஸ்கேலிங் வழக்கம்போல இரண்டு புது மெஷின்களை எழுப்பியது. புது மெஷின் என்றால் புது பப்ளிக் ஐபி. பட்டியலில் இல்லை. டேட்டாபேஸ் கிடைக்காததால் ஹெல்த் செக் தோற்றது. உடனே ஸ்கேலிங் அந்த இரண்டையும் கொன்றுவிட்டு வேறு இரண்டை எழுப்பியது. அவற்றுக்கு வேறு ஐபி. நான் கன்சோலில் ஐபியைப் பார்த்து, நகலெடுத்து, அட்லஸில் ஒட்டி, அது 'பெண்டிங்'கிலிருந்து 'ஆக்டிவ்' ஆவதற்குள் அந்த மெஷின் செத்துப்போயிருக்கும். நாலு முறை இப்படி ஓடினேன். ஐந்தாவது முறை, செத்துப்போன மெஷின்களின் ஐபி எட்டு என் பட்டியலில் இருப்பதைப் பார்த்தேன். அந்த முகவரிகள் திரும்ப அமேசானின் பொதுக் குளத்துக்குப் போய், வேறு எவருக்கோ கிடைத்திருக்கும். கதவை மூடப் போன நான், முகம் தெரியாத எட்டுப் பேருக்குப் பெயர் எழுதி அழைப்பிதழ் வைத்துக்கொண்டிருந்தேன்.

9:20க்கு 0.0.0.0/0 திரும்ப வந்தது. கூசியது, ஆனால் அந்த நேரத்தில் அதுதான் சரி. இந்த முறை 'தற்காலிகம்' என்ற ஸ்விட்சைப் போட்டேன். 6 மணி நேரம், 1 நாள், 1 வாரம் என்று மூன்று கெடு தருவார்கள். கெடு முடிந்ததும் வரி தானாகவே போய்விடும். குறிப்பில் 'டெம்ப்' என்று எழுதுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டு வருடம். ஆறு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று மணி வாக்கில் நேரம் போதாது என்று தெரிந்து, ஒரு நாளாக நீட்டினேன்.

அன்று பகலும் இரவும் செய்தது அடிப்படை வேலை. எங்கள் மெஷின்கள் வெளியே போகும்போது எந்த முகவரியோடு போகின்றன என்பதை நாங்கள் ஒருபோதும் தீர்மானித்ததில்லை. ஆளாளுக்கு அமேசான் அந்த நேரத்தில் கொடுத்த பப்ளிக் ஐபியோடு திரிந்தன. ஈசி2 மெஷினை ரீபூட் செய்தால் ஐபி அப்படியே இருக்கும்; நிறுத்திவிட்டு மறுபடி எழுப்பினால் மாறிவிடும். இது தெரியாமல் ரீபூட் செய்து பார்த்துவிட்டு "ஐபி மாறாதுங்க" என்று சத்தியம் செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெஷின்களையெல்லாம் பிரைவேட் சப்நெட்டுக்கு, அதாவது வெளியிலிருந்து நேராகத் தொட முடியாத உள் நெட்வொர்க்குக்கு, நகர்த்தினோம். இரண்டு அவெயிலபிலிட்டி ஜோன் (தனித்தனி டேட்டா சென்டர் தொகுதி), ஒவ்வொன்றிலும் வெளியே போக ஒரு பொது வாசலாக ஒரு நாட் கேட்வே, ஒவ்வொரு நாட் கேட்வேக்கும் மாறாத முகவரியாக ஒரு எலாஸ்டிக் ஐபி. இனி ஸ்கேலிங் இரண்டு மெஷினை எழுப்பட்டும், இருபதை எழுப்பட்டும், வெளியே தெரிவது அந்த இரண்டு நிலையான முகவரிகள்தான். பட்டியலில் இரண்டே /32. காசை மிச்சம் பிடிக்க ஒரே நாட் கேட்வேயில் இரண்டு ஜோனையும் ஓட்டலாம். அந்த ஜோன் படுத்தால் எல்லாம் படுக்கும் என்பதால் நாங்கள் செய்யவில்லை.

எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரௌட் டேபிளை எழுதும்போது புதிதாகச் சேர்ந்த தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிரைவேட் சப்நெட்டின் ரௌட் டேபிளில் 0.0.0.0/0 என்று ஒரு வரி, நாட் கேட்வேயைக் காட்டிக்கொண்டு நின்றது. "அண்ணா, இங்கயும் அதே ஓட்டை இருக்குதுங்களே. எடுத்துறட்டுங்களா?" என்றான். நல்லவேளை கேட்டான். அங்கே அதற்கு 'வேறு எங்கே போவதானாலும் இந்த வழி' என்று பொருள். அது போகும் இடம். அட்லஸ் பட்டியலில் 'வேறு எங்கிருந்து வந்தாலும் சரி' என்று பொருள். அது வரும் இடம். எழுத்து ஒன்று, அர்த்தம் எதிர் எதிர். ரௌட் டேபிளில் எடுத்திருந்தால் மெஷின்கள் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி ஆகியிருக்கும்.

இந்த முறை கதவை மூடும் முன் இரண்டு வேலை செய்தேன். முதலாவது, ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் போய் அங்கிருந்தே கர்ல் என்ற கட்டளையை அடித்து 'என் ஐபி என்ன' என்று வெளியே கேட்டேன். அமேசானே அதற்கு செக்ஐபி என்று ஒரு முகவரி வைத்திருக்கிறது. கன்சோலில் எழுதியிருப்பதை நம்பவில்லை. இரண்டாவது, அட்லஸில் டேட்டாபேஸ் அக்சஸ் ஹிஸ்டரி என்ற பக்கத்தைத் திறந்தேன். கடந்த 7 நாட்களில் யார், எந்த ஐபியிலிருந்து, எந்த யூசராக உள்ளே வர முயன்றார்கள் என்பது அதில் இருக்கும். இலவச க்ளஸ்டரில் கிடைக்காது. எங்களுடையது எம்10 என்ற கட்டண ரகம் என்பதால் கிடைத்தது. அதில் எனக்குத் தெரியாத நாலு முகவரிகள் இருந்தன. மூன்று எங்கள் ஆட்களின் வீடு. ஒன்று புதுப் பதிப்பைத் தானாக சர்வரில் ஏற்றும் (டெப்ளாய் செய்யும்) பைப்லைன். வியாழன் மாலையே இதைப் பார்த்திருந்தால் வெள்ளிக்கிழமை எனக்கு வெறும் வெள்ளிக்கிழமையாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை பட்டியலில் திறந்த வரி இல்லை. உடனே ஒவ்வொரு மெஷினாக வேண்டுமென்றே ரீஸ்டார்ட் செய்தேன். ஸ்கேலிங்கில் ஒரு மெஷினைக் கொன்று, புதிதாக எழுந்தது ஹெல்த் செக்கில் தேறுகிறதா என்று பார்த்தேன். பந்தியில் இருப்பவர்களை எழுப்பி, மறுபடி வாசல் வழியாக வரச்சொல்லிப் பார்ப்பது. விழுவதானால் நான் விழித்திருக்கும்போது விழட்டும்.

மெஷின்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. வீடுகள்தான் கேட்கவில்லை.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள். வீட்டு பிராட்பேண்டில் ஐபி நிலையானது இல்லை. கரண்ட் போய் ரௌட்டர் அணைந்து எழுந்தால் மாறும். எங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துவார்கள். அன்று மாலை கரண்ட் வந்ததும் அந்த ஏரியா ஆட்களிடமிருந்து வரிசையாக எனக்கு மெசேஜ் வரும். "அண்ணா, ஐபி மாறிடுச்சுங்க." சரி, என்ன ஐபி என்றால் புதிதாக வந்த ஒருவர் 192.168.1.7 என்று அனுப்புவார். அது அவர் வீட்டு ரௌட்டர் அவர் லேப்டாப்புக்கு வைத்த செல்லப் பெயர், வீட்டுக்கு வெளியே செல்லாது. 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை உள்வீட்டு முகவரிகள். அவற்றை இந்தப் பட்டியலில் எழுதினால் அட்லஸ் மறுக்காது, ஆனால் இணையம் வழியாக வருபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

வெளி முகவரியைச் சரியாகவே அனுப்பினாலும் இன்னொரு சங்கடம். பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் ஒரே பப்ளிக் ஐபியை நிறைய வீடுகளுக்குப் பங்கு வைக்கின்றன. சிஜிநாட் என்பார்கள். இதற்கென்றே 100.64.0.0/10 என்ற தொகுதியை 2012ல் ஒதுக்கினார்கள். உங்கள் ரௌட்டரின் வான் (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் 100.64க்கும் 100.127க்கும் நடுவில் ஒரு முகவரி தெரிந்தால் நீங்கள் அந்தக் கூட்டுக்குடித்தனத்தில் இருக்கிறீர்கள். அப்போது /32 என்று கறாராக எழுதினாலும் கதவு திறப்பது உங்களுக்கு மட்டும் இல்லை, அக்கம்பக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

ஒரு வாரம் மெசேஜ் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். பிறகு ஒரு சின்ன ஈசி2 மெஷினில் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு, அதற்கு ஒரு எலாஸ்டிக் ஐபி கட்டி, டேட்டாபேஸைத் தொட வேண்டுமென்றால் விபிஎன் வழியாகத்தான் என்று சொல்லிவிட்டேன். வீடுகள் எல்லாம் பட்டியலில் ஒரே வரியாகிவிட்டன. ஆரம்பத்தில் எங்கள் உள்நெட்வொர்க்குக்கான போக்குவரத்து மட்டும் விபிஎன்னில் போகும்படி வைத்திருந்தேன். அட்லஸின் பப்ளிக் முகவரிக்குப் போவது வழக்கம்போல வீட்டு லைனிலேயே போனது, கதவு திறக்கவில்லை. முழுவதையும் விபிஎன்னுக்குள் தள்ளியதும் சரியானது. இதையே தலைகீழாகவும் பார்த்தோம். ஒருவருடைய பிரவுசரில் மட்டும் ஏதோ ப்ராக்ஸி எக்ஸ்டென்ஷன். அட்லஸ் பக்கத்தில் 'என் தற்போதைய ஐபியைச் சேர்' பட்டனை அழுத்தினார், பட்டன் பிரவுசரின் ஐபியைச் சேர்த்தது, அவருடைய ப்ரோகிராம் வேறு ஐபியில் போனது. அந்தப் பட்டனுக்குத் தெரிந்தது பிரவுசரை மட்டும்தான்.

பைப்லைன் கதை சுருக்கமானது. அது ஓடுவது கிட்ஹப் ஆக்ஷன்ஸ் தரும் ரன்னர் என்ற மெஷின்களில், சாதாரண ரன்னர்களுக்கு நிலையான ஐபி கிடையாது. அவர்கள் ஐபி தொகுதிகளை வெளியிடுகிறார்கள், உண்மைதான், ஆனால் ஆயிரக்கணக்கில். அட்லஸ் பட்டியல் சாதாரணமாக 200 வரி. இடம் இருந்தாலும் சேர்க்கக் கூடாது. அதே ரன்னர்களில் உலகமே ஓடுகிறது. பைப்லைன் தொடங்கும்போது அட்லஸ் சிஎல்ஐ என்ற கட்டளைக் கருவியை வைத்து அந்த ரன்னரின் ஐபியை மட்டும் கெடுவோடு சேர்த்து, முடிந்ததும் நீக்குவது ஒரு வழி. நாங்கள் முயன்றபோது வேறொரு சுவரில் முட்டிக்கொண்டோம்: அந்தக் கருவி பயன்படுத்தும் ஏபிஐ சாவிக்கும் தனியாக ஒரு ஐபி பட்டியல் உண்டு, அது இதோடு சேர்ந்தது இல்லை. உள்ளே விடச் சொல்லிக் கேட்கவே உள்ளே இருக்க வேண்டிய நிலை. கடைசியில் எங்கள் பிரைவேட் சப்நெட்டிலேயே சொந்த ரன்னர் ஒன்றை வைத்துவிட்டோம்.

மாதக் கடைசியில் பில் வந்தது. நாட் கேட்வேக்கு மணிக்கணக்கில் ஒரு கட்டணம், அதன் வழியாகப் போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் இன்னொரு கட்டணம். எங்கள் டேட்டாபேஸ் போக்குவரத்து முழுவதும் இப்போது அந்த வாசலைத் தாண்டித்தான் போய்வந்தது. இதற்கு மாற்று பியரிங், அதாவது எங்கள் நெட்வொர்க்கையும் அட்லஸ் நெட்வொர்க்கையும் உள்ளுக்குள்ளேயே நேராக இணைப்பது. பாதுகாப்புக்காக நான் கேட்டிருந்தால் அதற்கு நேரம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். பில்லைக் காட்டியதும் மறுநாளே ஒதுக்கினார்கள்.

விபிசி (மேகத்துக்குள் நமக்கென்று இருக்கும் தனி நெட்வொர்க்) பியரிங் எம்10லிருந்து மேலே கிடைக்கும். இரண்டு பக்கத்து முகவரித் தொகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது என்பது முதல் நிபந்தனை. ஏடபிள்யூஎஸ்ஸில் அட்லஸ் தானாக எடுத்துக்கொள்வது 192.168.248.0/21, அங்கே எம்10 க்ளஸ்டர் ஒன்று வந்துவிட்டால் பிறகு அதை மாற்ற முடியாது. எங்களுடையது 10.20.0.0/16. மோதவில்லை. இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை, அதிர்ஷ்டம். க்ளஸ்டர் போடும் முன்பே இந்த எண்ணை யோசியுங்கள்.

அட்லஸிலிருந்து பியரிங் கோரிக்கை அனுப்பி, ஏடபிள்யூஎஸ்ஸில் ஏற்று, ரௌட் டேபிளில் 192.168.248.0/21க்கு வழி எழுதினேன். பிறகும் போக்குவரத்து நாட் வழியாகவே போனது. மெஷினிலிருந்து க்ளஸ்டரின் பெயரைக் கேட்டால் பப்ளிக் ஐபியையே திருப்பித் தந்தது. எங்கள் விபிசியில் டிஎன்எஸ் ஹோஸ்ட்நேம்ஸ் என்ற அமைப்பு அணைந்திருந்தது. நாமே உருவாக்கும் விபிசியில் அது பல சமயம் அணைந்தேதான் பிறக்கும். போட்டதும் அதே பெயர் 192.168 என்று தொடங்கும் முகவரியைத் தந்தது. தந்ததும் கனெக்ஷன் மொத்தமாக நின்றது! பியரிங் போட்டால் மட்டும் போதாது, நம்முடைய பிரைவேட் தொகுதியையும் அதே ஐபி பட்டியலில் எழுத வேண்டும். 192.168.1.7 அனுப்பியவரைக் கிண்டல் செய்த நானே இப்போது 10.20.11.0/24, 10.20.12.0/24 என்று இரண்டு உள்வீட்டு முகவரிகளை எழுதினேன். பியரிங் இருக்கும்போது அவை செல்லும். 10.20.0.0/16 என்று ஒரே வரியாகவும் எழுதியிருக்கலாம். அப்ளிகேஷன் இருக்கும் இரண்டு சப்நெட்டுக்கு மட்டும் போதும் என்று விட்டேன். நாட் கேட்வேயின் இரண்டு வரிகளும் பட்டியலை விட்டுப் போயின.

பிரைவேட் எண்ட்பாயிண்ட் என்று இன்னொன்று உண்டு. அதன் வழியாக வருபவர்களுக்கு இந்த ஐபி பட்டியலே தேவையில்லை, முகவரித் தொகுதி மோதும் கவலையும் இல்லை. இன்று புதிதாகத் தொடங்கினால் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஒன்றாம் தேதி இரவு இன்னொரு பூதம் கிளம்பியது. மாதக் கணக்கை வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஒரு ஸ்க்ரிப்ட், முன்பு எங்களுக்கு வேலை செய்த ஒரு ஃப்ரீலான்சர் எங்கேயோ ஒரு மலிவு விபிஎஸ்ஸில் (வாடகை சர்வரில்) ஓடவிட்டுப் போயிருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறைதான் எழும். 7 நாள் வரலாற்றில் அது எப்படித் தெரியும்? புது பாஸ்வேர்டும் அதனிடம் இல்லை, ஐபியும் பட்டியலில் இல்லை. அன்று பார்த்து விபிஎன் மெஷினை நான் புதுப்பிப்புக்காக இறக்கியிருந்தேன். வீட்டிலிருந்து தம்பிக்குப் போன் செய்து, "என் வீட்டு ஐபியைக் கொஞ்சம் போட்டு விடுப்பா" என்றேன். போட்டுவிட்டான். கையால் கணக்கை ஓட்டி அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன். அந்த ஸ்க்ரிப்டை மறுவாரமே எங்கள் ரிப்போர்ட் மெஷினுக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

இப்போது ஒவ்வொரு வரியிலும் யார், எதற்கு, எந்தத் தேதி என்று எழுதுகிறோம். பட்டியலை, அமைப்புகளைக் கோப்பாக எழுதிவைக்கும் டெராஃபார்மில் வைத்து, ரிவ்யூ இல்லாமல் யாரும் சேர்க்க முடியாதபடி செய்யும் வேலை பாதியில் நிற்கிறது.

எக்செல் கோப்பைக் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அனுப்பினேன். இணைப்பில் நாலே வரிகள். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. மறுநாள் அவர்களுடைய பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி பதில் எழுதியிருந்தார். முதல் மூன்று வரிகளும் சரி என்றும், நாலாவதில் குறிப்புக் கட்டத்தில் 'அண்ணா வீடு' என்று இருக்கிறதே, அது உங்கள் கிளை அலுவலகமா என்றும் கேட்டிருந்தார்.

ஆக்டிவிட்டி ஃபீடைத் திறந்து பார்த்தேன். ஒன்றாம் தேதி இரவு 11:52க்குத் தம்பி சேர்த்திருக்கிறான். தற்காலிக ஸ்விட்ச் போடவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எங்கள் ஏரியாவில் ஒருநாள் முழுக்க மின்தடை வந்து போயிருந்தது. என் ரௌட்டரில் இப்போது வேறு ஐபி. அந்த வரியை நீக்கிவிட்டு, 'நீக்கப்பட்டது' என்று அவருக்குப் பதில் அனுப்பினேன். அந்த முகவரி அதற்குள் எந்த வீட்டில் சீரியல் ஓட்டிக்கொண்டிருந்ததோ.